வகுப்பறைத் தொட்டிக்கு எந்த மீன்? ஒரு சிறு வரலாறு

நம் கல்லூரியில் படித்து ஆசிரியப் பணிக்குப் போனவர்கள் பலர். அவர்களில் சிலர் என்னிடம், "கிளாஸ்ல ஒரு சின்ன மீன் தொட்டி வைக்கணும், சாகாத மீனாச் சொல்லுப்பா" என்று கேட்பதுண்டு. சாகாத மீன் உலகத்தில் கிடையாது. தாக்குப்பிடிக்கும் மீன் உண்டு. அது எது, ஏன் என்பதற்கு 175 ஆண்டுக் கதையைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். நான் பொறியாளன், மீன் வளர்ப்பு எனக்குப் பொழுதுபோக்கு. விலங்கியல் துறை நண்பர்கள் பொறுத்தருள்க!

லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்றொரு வேதியியலார் இருந்தார். 1849இல் ஒரு பெரிய கண்ணாடிக் கலத்தில் இரண்டு தங்கமீன்களை விட்டு, கூடவே நாடா போல இலை நீளும் வாலிஸ்னேரியா செடியையும் வைத்தார். செடி மீனுக்குப் பிராணவாயு தரும், மீனின் கழிவு செடிக்கு உரமாகும் என்பது கணக்கு. கொஞ்ச நாளில் இலைகள் அழுகின, கண்ணாடியெல்லாம் பாசி. ஐந்தாறு குளத்து நத்தைகளை இறக்கினார். அவை அழுகலையும் பாசியையும் தின்று தீர்த்தன, தண்ணீர் தெளிந்தது. 1850இல் இதை லண்டன் வேதியியல் கழகத்தில் கட்டுரையாக வைத்தார். 1853இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் பொதுமக்களுக்கு மீன் காட்சியகமே திறந்துவிட்டார்கள். பிறகு வீட்டிலும் தொட்டி வைக்கும் மோகம் பரவியது.

வாரிங்டன் விட்டது தங்கமீன். இன்றும் கடைக்குப் போனால் பிள்ளைகள் முதலில் கை நீட்டுவது அதைத்தான். ஆனால் அது சீனர்கள் குளத்தில் வளர்த்துப் பழக்கிய மீன். ஓரடி வரைகூட வளரும்; நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். சின்னத் தொட்டிக்கு ஏற்றதல்ல. கண்ணாடிக் கிண்ணத்துக்கு அறவே ஆகாது.

அடுத்த திருப்பம் 1869. சீனாவிலிருந்து பாரடைஸ் ஃபிஷ் என்ற வண்ண மீன் கப்பலேறிப் பாரிஸுக்கு வந்தது. அங்கே கார்போனியே என்பவர் அதைக் குஞ்சு பொரிக்கவும் வைத்தார். அவ்வளவு நீண்ட பயணத்தை அது எப்படித் தாங்கியது? செவுளுக்கு மேலே, வெளிக்காற்றைச் சுவாசிக்க மடிப்பு மடிப்பாக ஒரு தனி உறுப்பு அதற்கு உண்டு. கௌராமிக்கும் ஃபைட்டருக்கும் அதே உறுப்புத்தான்.

நம்ம ஊர் பனையேறிக் கெண்டையும் இதற்கு உறவுதான். 1791இல் தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனி அதிகாரி டால்டார்ஃப், குளத்தோரப் பனையில் ஐந்தடி உயரத்தில் இந்த மீன் ஏறுவதைக் கண்டதாக எழுதினார். 1797இல் லண்டன் லின்னேயன் கழகம் அதை வெளியிட்டது. மரம் ஏறியதை நம்பாதவர்கள் உண்டு; தரையில் ஊர்ந்து போவதில் சந்தேகமே இல்லை. ஆனால் வகுப்புக்கு வேண்டாம். மூடி இல்லாவிட்டால் குதித்துவிடும். சின்ன மீன்களையும் விழுங்கிவிடும்.

அப்போ எதை வாங்குவது? கோடு போட்ட ஜீப்ரா மீன். 1822இல் ஹாமில்டன் தம் கங்கை மீன்கள் நூலில் விவரித்த நம் நாட்டு மீன். இன்று உலகம் முழுக்க ஆராய்ச்சிக்கூடங்களில் வளர்வதும் இதுவே. அல்லது கப்பி. டிரினிடாடிலிருந்து மாதிரி அனுப்பிய கப்பி என்பவரின் பெயரை 1866இல் இதற்குச் சூட்டினார்கள். ஆண் மீன்களாகவே வாங்குங்கள். இல்லாவிட்டால் குட்டி போட்டே தொட்டி நிறைந்துவிடும்.

இங்கேதான் முக்கியமான சங்கதி. புதுத் தொட்டியில் மீனைக் கொல்வது பெரும்பாலும் அதன் கழிவிலிருந்து வரும் அமோனியா. அதை மாற்றும் பாக்டீரியாக்களை 1890இல் வினோகிராட்ஸ்கி பிரித்துக் காட்டினார். அவை மணலிலும் ஃபில்டரிலும் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் நாளே இருபது மீனைக் கொட்டினால் எந்த மீனும் தாங்காது. எங்கள் துறையில் 'ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி' என்போம். பாலம் கூடுதல் பாரம் தாங்கும் என்பதற்காகத் தினமும் அந்தப் பாரத்தை ஏற்றுவதில்லை. மீனின் தாங்கும் சக்தியும் அப்படித்தான். அது எதிர்பாராத கரண்ட் கட்டுக்கும் நீண்ட விடுமுறைக்கும் உரியது; நம் அவசரத்துக்கு அல்ல.

60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரமுள்ள தொட்டி 54 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 54 கிலோ. ஆடாத மேஜை வேண்டும். முதலில் மூன்று ஜீப்ரா, சில வாரம் கழித்து ஐந்து. எட்டோடு நிறுத்துங்கள். லீவுக்குமுன் இரையை அள்ளிக் கொட்டாதீர்கள். வளர்ந்த மீன் மூன்று நாலு நாள் பட்டினி தாங்கும், அழுகிய இரையைத் தாங்காது. வேண்டாத மீனைக் குளத்தில் விடாதீர்கள். கப்பி போன்ற வெளியூர் மீன் நம் சிறு மீன்களின் இடத்தைப் பிடித்துவிடும்.

ஒரு மீன் செத்தால், பிள்ளைகள் வருமுன் வேறொன்றை வாங்கிப் போட்டு மறைக்க வேண்டாம். ஏன் செத்தது என்று அவர்களையே கேளுங்கள். வாரிங்டன் அழுகிய இலையைப் பார்த்து ஏன் என்று கேட்டதில்தான் இந்தக் கதையே தொடங்கியது.