சாம்பலினின்று எழுந்த நகரம்

பழம்பெருமை வாய்ந்த நகரம் ஒன்று அழிக்கப்பட்டுவிட்டால் அதனை மீட்டல் கூடுமோ? போலந்தின் தலைநகராகிய வார்சா இவ்வினாவிற்கு அளித்த விடையை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

1944-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், நாஜி ஆதிக்கத்தை எதிர்த்து வார்சா மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 63 நாட்களுக்குப்பின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. மக்களை வெளியேற்றிய படையினர், வீதி வீதியாகத் தீ மூட்டினர். வெடி வைத்துத் தகர்த்தனர். பழைய நகரின் 85 விழுக்காட்டிற்கு மேற்பட்ட பகுதி பாழாயிற்று.

ஆயினும், அதன் வடிவம் காகிதத்தில் பிழைத்திருந்தது. வார்சாவின் பொறியியற் கல்வி நிலையத்து ஆசிரியரும் மாணவரும் பழைய கட்டடங்களை அளந்து வரைந்த படங்கள், பியோத்ர்கூவ் ஊரின் மடாலயம் ஒன்றில் ஒளித்துக் காக்கப்பட்டிருந்தன. 18-ஆம் நூற்றாண்டின் அரசவை ஓவியர் பெலோட்டோ தீட்டிய நகரக் காட்சிகளும் துணைநின்றன. 1945-இல் நிறுவப்பட்ட புனரமைப்பு அலுவலகம் இவற்றைக் கொண்டு பணியாற்றியது. 1953-இல் சந்தைச் சதுக்கம் திறக்கப்பட்டது. அரண்மனையோ 1971-க்குப் பின்னரே எழத் தொடங்கியது.

இன்று அவ்வீதிகளில் உலவும் பயணி காண்பவை பெரும்பாலும் புதிய சுவர்களே. அவற்றைப் போலி என்பாரும் உளர். நான் அவ்வாறு கருதேன். 1980-இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, கல்லின் வயதை எண்ணவில்லை; ஒரு மக்களினத்தின் உறுதியையே போற்றியது. அவ்வுறுதிக்கு வழிகாட்டியவை, உங்களை ஒத்த மாணவர் பொறுமையாய் வரைந்த கோடுகளன்றோ!