‘என்’ வகுப்பு கராட் நீராவி என்ஜின்கள்

‘என்’ வகுப்பு என்பது பெங்கால் நாக்பூர் ரயில்வே 1929-இல் வாங்கிய 16 மூட்டு என்ஜின்களின் வரிசை. அகலப்பாதையில் ஓடிய இவற்றை இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரிலிருந்த பேயர் பீக்காக் நிறுவனம் தன் கோர்ட்டன் ஆலையில் கட்டியது. இவை 810 முதல் 825 வரை எண்ணிடப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 234 டன் எடை. இந்தியாவில் ஓடிய மிகக் கனமான நீராவி என்ஜின்களில் இவை அடங்கும். நிலக்கரியும் இரும்புத்தாதும் இந்தியக் கிழக்கின் மேட்டுநிலங்களைக் கடந்து போன கதையில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனாலும் டார்ஜிலிங், நீலகிரி மலைரயில்களைப் பற்றி எழுதப்படுவதில் பத்தில் ஒரு பங்குகூட இவற்றைப் பற்றி எழுதப்படுவதில்லை.

மூட்டு எதற்கு

என்ஜினின் பலத்தைக் கூட்ட வேண்டுமானால் பாய்லரைப் பெரிதாக்க வேண்டும். அந்த எடையைத் தாங்கச் சக்கரங்களைக் கூட்ட வேண்டும். ஒரே சட்டத்தில் சக்கரங்களை அடுக்கிக்கொண்டே போனால் என்ஜின் நீண்டுவிடும். நீளமான வைக்கோல் வண்டி சந்து முனையில் திரும்பத் திணறுவதுபோல வளைவில் அது திணறும், தண்டவாளத்தையும் பிய்க்கும். என்ஜினை இரண்டாக உடைத்து நடுவில் மூட்டு வைப்பதே இதற்கு வழி. ராபர்ட் ஃபேர்லி 1864-இல் ஒரு வகைக்கும், பிரான்சில் பணிபுரிந்த அனத்தோல் மாலே 1884-இல் இன்னொரு வகைக்கும் காப்புரிமை பெற்றனர். மாலே வகையில் பின்பக்கச் சக்கரத்தொகுதி பாய்லரோடு இறுக்கமாக இணைந்திருக்கும். முன்பக்கத் தொகுதி மட்டும் திரும்பும். அதனால் வளைவில் பாய்லரின் மூக்கு தண்டவாளத்தை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

ஹெர்பர்ட் வில்லியம் கராட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1907-இல் பதிவு செய்த அமைப்பு வேறு மாதிரியானது. முன்னால் ஒரு சக்கரத்தொகுதி, பின்னால் ஒன்று. இரண்டிலும் தனித்தனியே சிலிண்டர்கள், பிஸ்டன்கள். முன்தொகுதியின் மேல் தண்ணீர்த் தொட்டி, பின்தொகுதியின் மேல் நிலக்கரியும் கொஞ்சம் தண்ணீரும். நடுவில் பல்லக்கைப்போல ஒரு பாலச்சட்டம் இரண்டு தொகுதிகளின் மேலும் சுழல்முனைகளில் அமர்ந்திருக்கும். பாய்லரும் டிரைவர் நிற்கும் அறையும் அதன்மேல். வளைவு வந்தால் இரண்டு தொகுதிகளும் தண்டவாளத்தின் போக்கில் திரும்பும். பாய்லர் வில்லின் நாண்போல வளைவின் உட்புறம் சாயும்.

இதிலுள்ள நுட்பம் கண்ணுக்கு எளிதில் படாதது. பாய்லருக்கு நேர்கீழே சக்கரம் இல்லை. சக்கரம் இடிக்காது என்பதால் பாய்லரைக் குட்டையாக, பருமனாக, தாழ்வாகச் செய்யலாம். நெருப்புப்பெட்டியை ஆழமாகவும் அகலமாகவும் வைக்கலாம். சாம்பல் கீழே விழவும் காற்று மேலே ஏறவும் தடை இருக்காது. ஜாரியா சுரங்கங்களின் நிலக்கரியில் சாம்பல் அதிகம். அப்படிப்பட்ட கரியை எரிக்க வேண்டிய இந்திய ரயில்வேக்கு, வளைவில் திரும்பும் சாமர்த்தியத்தைவிட இந்த நெருப்புப்பெட்டிதான் பெரிய வரம் என்பது என் கருத்து.

குறையும் உண்டு. ஓட ஓடத் தண்ணீரும் கரியும் தீரும். சக்கரத்தின் மேல் அழுத்தம் குறையும். ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும். அசையும் தொகுதிகளுக்கு நீராவி கொண்டுபோகும் குழாய்களின் மூட்டுகள் கசியாமல் பார்த்துக்கொள்வதும் ஒரு தனி வேலை.

இந்த வகையின் முதல் இரண்டு என்ஜின்கள் 1909-இல் டாஸ்மேனியாவுக்குப் போயின. மூன்றாவது என்ஜின் 1911-இல் டார்ஜிலிங் இமாலயன் ரயில்வேக்கு வந்த சிறிய டி வகுப்பு. ஆக, கராட் வரலாற்றின் தொடக்கத்திலேயே இந்தியா இருக்கிறது. தன் பெயர் தாங்கிய என்ஜின்கள் ஆப்பிரிக்கா முழுதும் ஓடப்போவதைப் பார்க்காமலேயே கராட் 1913-இல், 49 வயதில், இறந்தார்.

நூற்றுக்கு ஒன்று

1887-இல் தொடங்கிய பெங்கால் நாக்பூர் ரயில்வே, கல்கத்தாவை நாக்பூரோடும் தெற்கே வால்டேரோடும் இணைத்தது. 1912-இல் ஜாம்ஷெட்பூரில் டாட்டா ஆலை எஃகு வார்க்கத் தொடங்கிய பின் அந்த ரயில்வேயின் சுமையே மாறிவிட்டது. ஆலைக்கு ஒருபக்கம் கரி வேண்டும், மறுபக்கம் சிங்பூம் மலைகளின் தாது வேண்டும். சக்ரதர்பூருக்கு மேற்கே சாரண்டா காடுகளின் ஊடே போகும் பாதையில் நூறு அடி போனால் ஓரடி ஏற்றம்.

நீலகிரி மலைரயிலில் சுமார் 12 அடிக்கே ஓரடி ஏற்றம் உண்டு. அதற்குப் பல்சக்கரம் வேண்டியிருக்கிறது. அதைப் பார்த்தவர்களுக்கு நூற்றுக்கு ஒன்று என்பது தட்டைநிலமாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். 1,600 டன் சரக்கு வண்டி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். என்ஜினையும் சேர்த்தால் 1,834 டன். நூற்றுக்கு ஒன்று ஏற்றத்தில் புவியீர்ப்பு மட்டுமே அதில் நூற்றில் ஒரு பங்கு விசையோடு, அதாவது 18 டன்னுக்கும் அதிகமாக, பின்னால் இழுக்கும். சக்கர உராய்வும் வளைவின் தேய்ப்பும் இதற்கு மேல். ‘என்’ வகுப்பின் இழுவிசை சுமார் 69,650 பவுண்டு, அதாவது 31 டன். இந்த எண்ணுக்குப் பின்னாலிருப்பவை 20½ அங்குல விட்டமும் 26 அங்குல வீச்சும் கொண்ட நான்கு சிலிண்டர்கள், 4 அடி 8 அங்குலச் சக்கரங்கள், சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு நீராவி அழுத்தம். சிறிய சக்கரம் வேகத்தைக் கொடுக்காது, பாரத்தை நகர்த்தும்.

‘என்’ வகுப்புக்கு முன்பே, பரீட்சையாக 1925-இல் ‘எச்எஸ்ஜி’ என்ற இரண்டு கராட்கள் இந்த ரயில்வேக்கு வந்தன. அவற்றின் சக்கர அமைப்பு 2-8-0+0-8-2; எண்கள் முன்னிருந்து பின்னாக ஒவ்வொரு தொகுப்பிலும் உள்ள சக்கரங்களைக் குறிக்கும். அக்காலத்தில் இந்தியாவில் சாதாரணமாக ஓடிய 2-8-0 சரக்கு என்ஜின்கள் இரண்டை முதுகோடு முதுகு சேர்த்து, நடுவில் ஒரே பாய்லரை வைத்ததுபோல என்று அதைப் புரிந்துகொள்ளலாம். அந்த அனுபவத்தின் மேல் எழுந்ததுதான் 4-8-0+0-8-4 அமைப்புள்ள ‘என்’ வகுப்பு. இரண்டு வெளிமுனைகளிலும் இரண்டு சக்கரத்துக்குப் பதிலாக நான்கு. மொத்தம் 12 அச்சுகள், 24 சக்கரங்கள். 234 டன்னை 12 அச்சுகளுக்குப் பங்கிட்டால் அச்சுக்குச் சராசரி பத்தொன்பதரை டன்தான். இவ்வளவு பெரிய என்ஜினைப் பாலங்கள் தாங்கிய ரகசியம் இந்தப் பங்கீட்டில் இருக்கிறது.

இதே அமைப்பில் ‘என்எம்’ வகுப்பின் 10 என்ஜின்கள் அடுத்து வந்தன. 1939-இல் ‘பி’ வகுப்பின் நான்கோடு அந்த ரயில்வேயின் கராட் வரிசை முடிந்தது. எல்லாம் சேர்த்து 32.

கடலுக்கு அப்பால்

இலங்கையின் மலையகப் பாதையில் கராட் தன் இயல்பான வேலையைச் செய்தது. கடுகண்ணாவை ஏற்றம் 45-க்கு 1. நாவலப்பிட்டிக்கு மேலே ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா வழியாக 44-க்கு 1. வளைவுகளோ மிகக் கூர்மை. பட்டிப்பொலைக்கு அருகே பாதையின் உச்சி கடல்மட்டத்திலிருந்து 1,898 மீட்டர். 1927-இல் ஒரு சி1 என்ஜின், 1945-இல் சி1ஏ வகையில் எட்டு; எல்லாம் 2-6-2+2-6-2. மலையகத் தமிழர் பறித்த தேயிலை இறங்கிய பாதை அது. அவர்களுக்கான அரிசி ஏறியதும் அதே பாதைதான். இங்கே வளைவு கராட்டைக் கேட்டது. சாரண்டாவில் கேட்டது சுமை. ஒரே கண்டுபிடிப்பு இரண்டு தேவைகளுக்கு விடையானதைத் தமிழ் வாசகர் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

முடிவு

1955-இல் தென்கிழக்கு ரயில்வே உருவானபோது ‘என்’ வகுப்பு என்ஜின்கள் அதன் கைக்கு வந்தன. அதற்குள் நாடு முழுதும் ஒரே மாதிரி என்ஜின் என்ற கொள்கை வேரூன்றியிருந்தது. 1950-இலிருந்து கட்டப்பட்ட டபிள்யூஜி சரக்கு என்ஜினின் இழுவிசை 38,890 பவுண்டு. இரண்டைப் பூட்டினால் ஒரு கராட்டை மிஞ்சலாம். உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். இரட்டிப்பு ஆட்கள் வேண்டும் என்பது உண்மை, ஆனால் 16 என்ஜின்களுக்காக மட்டும் தனிப் பாகங்களும் தனிப் பழக்கமும் வைத்திருப்பது அதைவிடக் கடினமாகப் பட்டிருக்க வேண்டும். கடைசி அடி மின்சாரத்தால் விழுந்தது. 25 கிலோவோல்ட் மாறுமின்னோட்டத்தில் ரயில் ஓட்டும் முறை 1959–60-இல் இந்தியாவில் முதன்முதலாக வந்ததே ராஜ்கர்சவான்–டோங்கோபோசி தாதுப் பாதையில்தான். கராட்கள் உழைத்த வட்டாரம் அது. என்ஜினைப் பார்த்துக்கொண்டு நெருப்பின் முன் நின்ற ஃபயர்மேன்களின் வேலையும் அதோடு போனது. 1970-ஐ ஒட்டி ‘என்’ வகுப்பு ஓய்வு பெற்றது. கோர்ட்டன் ஆலை அதற்கு முன்பே, 1966-இல், மூடப்பட்டிருந்தது.

எண் 811 கரக்பூர் பணிமனையில் பழுதுநீக்கப்பட்டு 2006-இல் மீண்டும் நீராவி விட்டது. எண் 815 டெல்லி சாணக்கியபுரியிலுள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் திறந்தவெளியில் நிற்கிறது. அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் அதன் முன்முகத்தின் பக்கம் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பக்கவாட்டில் நடந்துபோய்ப் பாய்லருக்குக் கீழே குனிந்து பார்க்க வேண்டும். கராட் கண்டுபிடித்தது அங்கேதான் இருக்கிறது: சக்கரம் ஒன்றுகூட இல்லாத அந்த இடைவெளியில், எதிர்ப்பக்கப் புல்தரை தெரியும்.