சென்னை சிட்டி – மினர்வா பஞ்சாப் ஆட்டம் (2019)

சென்னை சிட்டி – மினர்வா பஞ்சாப் ஆட்டம் என்பது 2018–19 ஐ-லீக் கால்பந்துத் தொடரின் வாகையாளரைத் தீர்மானித்த இறுதிநாள் ஆட்டமாகும். இது 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் நடைபெற்றது. 3–1 என்ற கோல் கணக்கில் வென்ற சென்னை சிட்டி, ஐ-லீக் பட்டம் பெற்ற முதல் தமிழ்நாட்டு அணியானது. 1996இல் தொடங்கப்பட்ட தேசியக் கால்பந்துக் கூட்டிணைவே 2007இல் ஐ-லீக் ஆக மாற்றப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் தமிழ்நாட்டு அணி எதுவும் அப்பட்டத்தை வென்றிருக்கவில்லை. சென்னையின் எப்.சி. 2015, 2018 ஆகிய ஆண்டுகளில் வென்ற இந்தியன் சூப்பர் லீக் வேறொரு தொடராகும்.

பின்னணி

2017–18 பருவத்தில் சென்னை சிட்டி பத்து அணிகளுள் எட்டாவதாகவே வந்தது. எனினும் அப்பருவத்தின் சிறந்த நடுக்கள வீரர் விருது அவ்வணியின் மைக்கேல் சூசைராஜுக்குக் கிடைத்தது. இவர் கன்னியாகுமரி மாவட்டத்தின் இரவிபுத்தன்துறையைச் சேர்ந்தவர். கருங்கல்லுக்கு மேற்கே, தேங்காப்பட்டணம் ஆற்றுவாய்க்கு அப்பால் தூத்தூர், இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என வரிசையாக அமைந்துள்ள மீனவர் ஊர்களில் கிரிக்கெட்டைவிடக் கால்பந்துக்கே செல்வாக்கு மிகுதி. சிறுவர்கள் கடற்கரை மணலிலேயே ஆடிப் பழகுகின்றனர். சூசைராஜ் பட்டம் வென்ற பருவம் தொடங்குமுன்பே ஜம்சேத்பூர் அணிக்குச் சென்றுவிட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

அடுத்த பருவத்தில் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்றுநரானார். ஸ்பெயினின் கீழ்நிலைக் கூட்டிணைவுகளில் ஆடிவந்த பெத்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சான்றோ ஆகியோர் அணியில் சேர்ந்தனர். மான்சி மட்டும் 21 கோல்கள் அடித்தார்.

இறுதிநாள்

கடைசி ஆட்டத்துக்கு முன் சென்னை சிட்டி 40 புள்ளிகளும் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 39 புள்ளிகளும் பெற்றிருந்தன. சென்னை சிட்டி வென்றால் வேறெதையும் பார்க்கவேண்டியதில்லை. சமநிலையில் முடித்து, கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவை ஈஸ்ட் பெங்கால் வென்றுவிட்டால், பட்டம் ஒரு புள்ளி வேறுபாட்டில் கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். ஈஸ்ட் பெங்கால் 2003–04க்குப் பின் தேசியக் கூட்டிணைவை வென்றதில்லை. இரு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கின.

எதிரணியான மினர்வா பஞ்சாப் முந்தைய ஆண்டின் வாகையாளர் ஆகும். மூன்றாவது நிமிடத்திலேயே அதன் ரோலண்ட் பிலாலா கோல் அடித்தார். இடைவேளை வரை சென்னை சிட்டி பின்தங்கியே இருந்தது. 56ஆவது நிமிடத்தில் கிடைத்த தண்ட உதையை மான்சி கோலாக்கினார். அதன்பின் ஆட்டத்தை முடித்துவைத்தவர் கோல் அடிப்பதற்காக அறியப்படாத ஒருவர்: தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா. அவர் 69ஆவது நிமிடத்தில் ஒன்றும், கூடுதலாக வழங்கப்பட்ட நேரத்தில் இன்னொன்றுமாக இரு கோல்கள் அடித்தார்.

கோழிக்கோட்டில் முதலில் கோல் அடித்தது கோகுலம். ஆயினும் ஈஸ்ட் பெங்கால் மீண்டெழுந்து 2–1 என வென்றது. ஆகவே கோயம்புத்தூரில் சமநிலை போதுமானதாக இருந்திருக்காது. இறுதிப் புள்ளிகள்: சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42.

பின்னர்

அதே ஆண்டு மே மாதம் மதுரையின் சேது எப்.சி. இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது. ஒரே பருவத்தில் ஆண்கள், மகளிர் ஆகிய இரு பட்டங்களும் தமிழ்நாட்டுக்கு வந்தன. சூசைராஜ் 2020இல் ஏ.டி.கே. அணியில் இருந்து இந்தியன் சூப்பர் லீக் பட்டம் பெற்றார். இறுதியாட்டத்தில் அவ்வணி தோற்கடித்தது சென்னையின் எப்.சி.யை.

இவ்வெற்றியால் சென்னை சிட்டி ஆசிய வாகையர் கூட்டிணைவின் தகுதிச் சுற்றுக்குச் சென்று, 2020 சனவரியில் பகுரைனின் ரிஃபா அணியிடம் 0–1 எனத் தோற்றது. 2019–20 முதல் அவ்வாய்ப்பு இந்தியன் சூப்பர் லீக்குக்கு மாற்றப்பட்டதால், ஐ-லீக் வழியாக அத்தொடருக்குச் சென்ற கடைசி அணியும் இதுவே. 2021–22 பருவ ஐ-லீக்கில் சென்னை சிட்டி இடம்பெறவில்லை.