மஞ்சள் மூலக்கூறும் கொழுப்புப் படலமும்

பெங்களூரிலிருந்து வெளிவரும் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் 1933ஆம் ஆண்டு ஒரு சிறு குறிப்பு வந்தது. அப்போது லாகூரில் பணியாற்றிய சென்னைக்காரர் கே. வெங்கட்டராமன், மகால் என்பவரோடு சேர்ந்து எழுதியது. அறை வெப்பநிலையிலேயே ஃபிளேவோன்களை உருவாக்கும் வழியை அது கூறியது. இன்று பேக்கர்–வெங்கட்டராமன் மறுசீராக்கம் என்று நாம் படிப்பது அந்த வினையைத்தான். குளித்தலையில் பிறந்த டி. ஆர். சேஷாத்ரியோ வால்டேரிலும் பின்னர் டெல்லியிலும் மலர், பட்டை, வேர் என்று ஒவ்வொன்றிலிருந்தும் ஃபிளேவனாய்டுகளைப் பிரித்து அமைப்பறிந்தார். இருவருமே மான்செஸ்டரில் இராபர்ட் இராபின்சனிடம் பயின்றவர்கள். அவர்களுக்கு இச்சேர்மங்கள் நிறமும் அமைப்பும். உயிரணுவின் சவ்வில் இவை என்ன செய்யும் என்பது அவர்கள் கேட்ட வினா அன்று.

1936இல் ருஸ்னியாக்கும் சென்ட்-கியோர்கியும் எலுமிச்சையின் ஃபிளேவனாய்டுகளுக்கு ‘வைட்டமின் பி’ என்று பெயரிட்டனர். (தயமினைக் குறிக்கும் ‘பி’ அன்று, ஊடுருவலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து.) ஆனால் அவர்கள் பேசியது நுண்குழாய்ச் சுவரின் கசிவைப் பற்றி. அதைச் சவ்வின் ஊடுருவுதிறனோடு குழப்பிக்கொள்வது தவறு. வைட்டமின் என்ற தகுதியும் நிலைக்கவில்லை.

சவ்வை மட்டும் தனியே வினவ, புரதமற்ற சவ்வு ஒன்று தேவைப்பட்டது. 1960களில் இங்கிலாந்தின் பாப்ரகாமில் பாங்ஹாம் அதைக் காட்டினார்: லெசித்தினை நீரில் கலந்தாலே மூடிய இரட்டையடுக்குக் குமிழ்கள் தாமே உருவாகின்றன. இவையே லிப்போசோம்கள்.

குமிழுக்குள் ஃபிளேவனாய்டு எங்கே தங்குகிறது? விடைக்கான கருவி அந்த மூலக்கூறிலேயே இருந்தது. 1979இல் சென்குப்தாவும் காஷாவும் 3-ஹைட்ராக்சிஃபிளேவோன், குவெர்செட்டின் ஆகியவற்றில் ஒளியூட்டப்பட்ட நிலையில் புரோட்டான் இடம்மாறுவதை ஆராய்ந்தனர். முன்னதில் அதன் விளைவு தெளிவு: நீர் அணுகாத சூழலில் பச்சை ஒளி ஓங்கும், நீர்ப்பிணைப்பு குறுக்கிட்டால் நீல ஊதா ஒளி மிகும். இருநிறங்களின் விகிதத்தைக் கொண்டே, கொழுப்புச் சங்கிலிகளின் இடையிலா, நீரோரத்திலா என்று ஊகிக்கலாம். பிற்பாடு கொல்கத்தாவின் சாகா நிறுவனத்தில் சென்குப்தா இவ்வழியைத் தொடர்ந்தார். எனக்கு இவ்வரலாற்றில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

இதில் நம் ஆய்வேடுகளுக்கும் ஒரு சிக்கல் உண்டு. ‘இந்த ஃபிளேவனாய்டு இந்தப் புரதத்தைத் தடுக்கிறது’ என்று எளிதில் எழுதிவிடுகிறோம். புரதத்தைத் தொடாமலே, அது பதிந்திருக்கும் படலத்தின் இயல்பை மாற்றியும் அதே விளைவைப் பெறலாம். 2014இல் நியூயார்க்கின் ஆண்டர்சன் குழுவினர் ஐந்து தாவரச் சேர்மங்களைச் சோதித்தபோது, அவை படலத்தை மாற்றியதோடு, ஒன்றோடொன்று தொடர்பற்ற பல சவ்வுப் புரதங்களின் இயக்கத்தையும் மாற்றின. அந்த ஐந்தில் ஒன்று ஜெனிஸ்டைன். 1987 முதல் டைரோசின் கைனேஸ் தடுப்பான் என்ற பெயரில் எண்ணற்ற ஆய்வுகளில் பயன்பட்ட அதே சேர்மம்.