கொழும்புக் கிண்ணம்

1952ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகளின் காற்பந்துக் குழுக்கள் கொழும்பு நகரில் கூடின. ஆசிய நாற்கோணப் போட்டி எனப்பட்ட அதனைக் கொழும்புக் கிண்ணப் போட்டி என்றும் வழங்கினர்.

இந்நான்கும் 1947 ஆகஸ்டுக்கும் 1948 பிப்ரவரிக்கும் இடையில், ஆறே திங்களுக்குள், ஒரே பேரரசின் பிடியினின்று விடுபட்ட நாடுகள். ஆனால் விடுதலை விழாவின் தோரணம் வாடுமுன்னரே பிணக்கும் தோன்றிவிட்டது. காஷ்மீரின் பொருட்டு மூண்ட போர் 1949 சனவரியில்தான் ஓய்ந்தது. இலங்கையோ 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தோட்டத் தமிழரைப் பெருந்தொகையாக நாடற்றோர் ஆக்கியிருந்தது. பந்தாட்டம் முடிந்த மறு திங்களிலேயே அம்மக்களின் தலைவர்கள் கொழும்பில் சத்தியாக்கிரகம் தொடங்கினர் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். இப்படிப்பட்ட அண்டை வீட்டார் ஆண்டுதோறும் ஒரு திடலில் கூட உடன்பட்டது சிறிய செய்தியன்று.

போட்டியின் முறை எளிது. ஒவ்வொரு குழுவும் மற்ற மூன்றோடும் ஒருமுறை பொருதும். வென்றால் இரண்டு புள்ளி, சமநிலையாயின் ஒன்று. முதலாண்டில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய ஆட்டத்தில் இரு பக்கமும் கோல் விழவில்லை. பிரிவினைக்குப் பின் இவ்விரு நாடுகளின் தேசியக் குழுக்கள் காற்பந்தில் சந்தித்தது அதுவே முதன்முறை. இறுதியில் இரண்டும் சமமாக நிற்கவே, கிண்ணம் இரண்டுக்கும் பொதுவாயிற்று. நிலத்தையும் கருவூலத்தையும் படையையும் பங்கிட்டபோது எழுந்த கசப்பு இதில் எழவில்லை. எல்லைக்கோடு விளையாட்டில் அத்துணை ஆழமாகப் பதியவுமில்லை எனலாம். பாகிஸ்தானின் முன்னணி வீரர் மசூத் ஃபக்ரி, கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்திற்கும் ஆடியவரே.

அடுத்த ஆட்டங்கள் 1953இல் ரங்கூனிலும், 1954இல் கல்கத்தாவிலும், 1955இல் டாக்காவிலும் நடைபெற்றன. மூன்றிலும் இந்தியாவே வென்றது. ஆயினும் அவ்வெற்றிகளினும் கருதத்தக்கது இந்தியக் குழுவில் நேர்ந்த மாற்றமாகும். கொழும்பில் ஆடிய காலத்தில் வெறுங்காலால் பந்தை உதைக்கும் பழக்கம் அக்குழுவில் நீங்கவில்லை. 1911இல் மோகன் பகான் கழகம் வெள்ளையர் படைக்குழுவை வென்று கேடயம் கொண்டது பெரும்பாலும் வெறுங்காலோடுதான். ஆதலால் அப்பழக்கத்தில் ஒரு பெருமிதமும் கலந்திருந்தது. 1952 சூலையில் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குளிர்ந்த ஈரத்தரையில், யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்றபின் பெருமிதம் பயன்படவில்லை. காலணி கட்டாயமாயிற்று. நான்காண்டு கழித்து மெல்போர்னில் அதே இந்தியா நான்காம் இடம் பெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் குழு தன்னைத் திருத்திக்கொள்ள வாய்த்த களங்களுள் நாற்கோணப் போட்டியும் ஒன்று.

டாக்காவில் இருவர் முதன்முதலாக இந்தியாவிற்கு ஆடினர். ஒருவர் பத்தொன்பது வயதான பி. கே. பானர்ஜி. மற்றவர் கோல் காவலர் பீட்டர் தங்கராஜ். செகந்திராபாத்தில் வளர்ந்த தங்கராஜ், நீலகிரி வெல்லிங்டனில் உள்ள மதராஸ் படைப்பிரிவு மையத்தில் சேர்ந்தபோது முன்னணியில் ஆடியவர். அங்கேதான் கோல் காக்க வந்தார். அம்மையம் 1955இல் தூரந்து கிண்ணத்தையும் வென்றது. 1962இல் ஜாகர்த்தா ஆசிய விளையாட்டின் இறுதியாட்டத்தில் தென்கொரியாவை 2-1 என வென்று தங்கம் கொண்ட இந்தியக் குழுவில், டாக்காவில் அறிமுகமான இவ்விருவரும் இருந்தனர்.

இதில் அரசியலார் பந்தாட்டத்தாருக்குப் பிந்தியவர் என்பதும் கவனிக்கத்தக்கது. 1954 ஏப்ரலில் இலங்கைத் தலைமை அமைச்சர் சர் ஜான் கொத்தலாவல அழைப்பின்பேரில் நேரு, பாகிஸ்தானின் முகம்மது அலி, பர்மாவின் ஊ நூ ஆகியோர் அதே கொழும்பில் கூடினர். இந்தோனேசியா மட்டும் ஐந்தாவதாகச் சேர்ந்தது. அக்கூட்டம் மறு ஆண்டு பாண்டுங் மாநாட்டிற்கு வழி திறந்தது. கிண்ணமோ நான்கு நாடுகளிலும் ஒவ்வொரு முறை தங்கி, டாக்காவோடு நின்றது. 1956இல் ஹாங்காங்கில் ஆசியக் கிண்ணமும், 1957இல் கோலாலம்பூரில் மெர்டேக்கா போட்டியும் தொடங்கின. மெர்டேக்கா திடலுக்குப் பர்மாவும் இந்தியாவும் பின்னர் பலமுறை வந்தன.