புட்டிக்குள் புகும் காற்று: பியர் மூடியின் வரலாறு

மதுவின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் போதையின் வரலாற்றையே எழுதிவிடுகின்றனர். கலமும் மூடியும் அடிக்குறிப்பாக ஒதுங்கிவிடுகின்றன. பியரைப் பொறுத்தவரை இது பெருங்குறை. வடித்தவர் எத்துணைத் திறன் மிக்கவராயினும், புட்டியில் அடைக்கும் சில நிமிடங்களில் உட்புகும் காற்று அவர் உழைப்பைக் கெடுத்துவிடக்கூடும்.

புட்டிப் பியரின் தோற்றம் பற்றி ஆங்கிலேயரிடம் ஒரு கதை உண்டு. தாமஸ் ஃபுல்லர் எழுதி 1662இல் வெளிவந்த நூலில் அது இடம்பெறுகிறது. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த அலெக்சாண்டர் நோவெல் என்னும் சமயகுரு மீன்பிடிக்கச் சென்ற இடத்தில் ஏல் புட்டியொன்றைப் புல்லில் மறந்துவிட்டார். சில நாள் கழித்து அதைக் கண்டெடுத்துத் திறந்தபோது வெடியோசை எழுந்ததாம். புட்டிப் பியரைக் கண்டறிந்தவர் என்ற பட்டத்தை அவருக்கு அளிக்க வேண்டியதில்லை. ஆயினும் கதையின் உட்பொருள் மெய்யே. அடைபட்ட ஈஸ்ட் எஞ்சிய சர்க்கரையை நொதிக்கச் செய்து கரியமில வாயுவை உண்டாக்குகிறது. உடன் புகுந்த பிராணவாயுவில் ஒரு பகுதியையும் உட்கொண்டுவிடுகிறது.

இங்கு ஒரு முரண் உள்ளது. நொதித்தலின் தொடக்கத்தில் ஈஸ்ட் பெருகப் பிராணவாயு வேண்டும். முடிந்தபின் அதுவே பகையாகிறது. லூயி பாஸ்டர் 1876இல் வெளியிட்ட பியர் பற்றிய நூல், பியரைக் கெடுக்கும் நுண்ணுயிர்களை விளக்கியதோடு, ஈஸ்டுக்கும் பிராணவாயுவுக்கும் உள்ள உறவையும் ஆராய்ந்தது. ஆனால் நுண்ணுயிர்களை அகற்றினாலும் பியர் மூப்படைகிறது. நிறம் கருக்கும், ஹாப்ஸ் மணம் மங்கும், நனைந்த அட்டையின் வாடை எழும். அவ்வாடைக்குக் காரணமான டிரான்ஸ்-2-நோனினால் என்னும் சேர்மம் 1970இல் இனங்காணப்பட்டது. லிட்டருக்கு ஏறத்தாழ 0.1 மைக்ரோகிராம் இருந்தாலே நாக்கு அதை அறிந்துகொள்ளும்.

அறிவியல் இதை விளக்குமுன்பே கைத்தொழில் விடை தேடிற்று. பால்டிமோரைச் சேர்ந்த வில்லியம் பெயின்டர் 1892 பிப்ரவரி 2ஆம் நாள் மகுட மூடிக்குக் காப்புரிமை பெற்றார். விளிம்பில் 24 மடிப்புகள் கொண்ட தகரத் தட்டு. உள்ளே மெல்லிய தக்கை வில்லை. வாயுவின் அழுத்தத்தைத் தாங்கும், விலை மலிவு, ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடலாம். பிற்காலத்தில் மடிப்புகள் 21 ஆயின. தக்கைக்கு மாற்றாகப் பிளாஸ்டிக் வந்தது. பிராணவாயுவை உறிஞ்சும் உட்பூச்சும் சேர்ந்தது.

ஆனால் மூடி வெளிக்காற்றைத்தான் தடுக்கும். அடைக்கும்போதே உள்ளே தங்கிய காற்றை அது என்ன செய்ய இயலும்? பெருந்தொழிற்சாலைகள் புட்டியின் காற்றை உறிஞ்சி எடுத்துக் கரியமில வாயுவை நிரப்பியபின் பியரை வார்க்கின்றன. அமெரிக்காவில் 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் வீட்டில் பியர் வடிப்போருக்குக் கூட்டரசு வரியிலிருந்து விலக்களித்தது. அவர்களிடம் அத்தகைய பொறிகள் இல்லை. குழாயின் நுனியைப் புட்டியின் அடிவரை இறக்கிச் சலசலப்பின்றி நிரப்புகின்றனர். கழுத்தில் சிறிதளவே இடம் விடுகின்றனர். நுரை பொங்கி எழுந்து காற்றை வெளித்தள்ளும் தருணத்தில் நுரைமீதே மூடியை அழுத்துகின்றனர். எஞ்சும் காற்றில் ஒரு பகுதியை, இரண்டாம் நொதித்தலுக்காகச் சேர்த்த சிறிது சர்க்கரையை உண்டு விழித்தெழும் ஈஸ்ட் பார்த்துக்கொள்கிறது. நோவெலின் புட்டியில் தற்செயலாக நிகழ்ந்ததை இவர்கள் அறிந்தே செய்கின்றனர்.