மோசமான கவர்னர்கள்

பட்டியல் போடுவதை விமர்சனம் என்று ஒப்புக்கொள்ளச் சிலருக்கு மனம் வருவதில்லை. க.நா.சு. போட்ட பட்டியல்களால் எழுந்த சண்டைகளை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். எனக்கும் அது ஒரு காலத்தில் சோம்பேறி வேலையாகவே பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. ஒரு பட்டியலில் இருப்பவர்களைப் பற்றித் தெரிந்துகொள்வதைவிட, அதைப் போட்டவன் கையில் இருக்கும் அளவுகோலைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ள முடிகிறது.

தாம்பரம் ஸ்டேஷனில் கடற்கரை வண்டிக்காக உட்கார்ந்திருந்தபோது நண்பர் ஒருவர் இந்தப் பேச்சை எடுத்தார். "அமெரிக்காவில் சரித்திரப் பேராசிரியர்களைக் கூட்டிவைத்து, ஜனாதிபதிகளில் யார் உத்தமம், யார் படுமோசம் என்று மார்க் போட வைக்கிறார்கள். நம் கவர்னர்களுக்கும் போட்டுப் பார்த்தால் என்ன?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். வண்டி கோட்டை ஸ்டேஷன் போவதற்குள் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தோம். முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் அமெரிக்கர்களின் பட்டியல். 1948-இல் ஆர்தர் ஷ்லெசிங்கர் 55 பேரிடம் கருத்துக் கேட்டு 'லைஃப்' பத்திரிகையில் வெளியிட்டார். 'தோல்வி' என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் இருவர்: கிராண்ட், ஹார்டிங். இருவர் ஆட்சியிலும் சுற்றியிருந்தவர்கள் திருடினார்கள். ஆண்ட்ரூ ஜான்சன் அதே பட்டியலில் 'சராசரி' என்ற வகுப்பில் பத்திரமாக உட்கார்ந்திருந்தார். உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை பெற்ற கறுப்பர்களுக்குச் சிவில் உரிமை தரும் 1866-ஆம் வருஷத்து மசோதாவை நிராகரித்தவர் இந்த ஜான்சன். அவர்களைக் கொன்றுதிரிந்த கு க்ளக்ஸ் க்ளானை ஒடுக்க 1871-இல் சட்டம் கொண்டுவந்தவர் கிராண்ட். 2021-இல் சி-ஸ்பான் தொலைக்காட்சிக்காக மறுபடியும் மார்க் போட்டபோது, 44 பேரில் கிராண்ட் 20-ஆம் இடத்துக்கு ஏறிவிட்டார். ஜான்சன் 43-ஆம் இடத்துக்கு இறங்கிவிட்டார். அவருக்கும் கீழே, போருக்கு முன்பு கைகட்டி நின்ற பியூகனன் மட்டுமே.

இடையில் கிராண்டோ ஜான்சனோ எழுந்துவந்து புதிதாக எதுவும் செய்துவிடவில்லை. யாருடைய துயரத்தைக் கணக்கில் சேர்ப்பது என்பது மாறியது. 1948-இன் பேராசிரியர்களுக்குக் கஜானாத் திருட்டு பெரிதாகத் தெரிந்தது. கறுப்பன் மரத்தில் தொங்கியது அத்தனை பெரிதாகத் தெரியவில்லை. இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம்.

நமக்கும் அமெரிக்காவில் பிறந்த ஒரு பிரசிடெண்ட் இருந்திருக்கிறார். கோட்டையின் தலைவருக்கு அந்த நாளில் பிரசிடெண்ட் என்பதும் ஒரு பட்டம். ராஜதானிக்குப் பிரசிடென்ஸி என்று பெயர் வந்ததும் அதனால்தான். எலிஹு யேல், பாஸ்டனில் 1649-இல் பிறந்தவர், 1687 முதல் 1692 வரை இங்கே ஆண்டார். சொந்த வியாபாரத்தில் கொழுத்து, அதனாலேயே பதவி இழந்தார். அவர் தலைமை வகித்த கவுன்சிலின் நடவடிக்கைகளில் கப்பலில் அடிமைகளை ஏற்றி அனுப்பிய விவரங்கள் இருக்கின்றன. 1718-இல் ஒரு கல்லூரிக்குக் கொஞ்சம் புத்தகங்களும் துணிமூட்டைகளும் கொடுத்தார். பெயர் அழியாமல் நின்றுவிட்டது. என் நண்பர் இவரைத்தான் முதலில் வைத்தார்.

வண்டி பரங்கிமலையில் நின்றபோது பிகாட் பிரபு ஞாபகத்துக்கு வந்தார். கவர்னரையே சிறைவைத்த ஊர் இது. தஞ்சாவூரை மீண்டும் துளஜாஜி மன்னரிடம் ஒப்படைத்தவர் பிகாட். ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்து, அதற்குத் தஞ்சாவூர் விளைச்சலை ஈடாகக் காட்டிய பால் பென்ஃபீல்டு போன்றவர்களுக்கு இது பொறுக்கவில்லை. கவுன்சில் பெரும்பான்மை அவர்கள் பக்கம் சாய்ந்தது. 1776 ஆகஸ்டில் வண்டியில் போய்க்கொண்டிருந்த கவர்னரைப் பிடித்து இந்த மலைக்குக் கொண்டுவந்தார்கள். மறு வருஷம் மே மாதம் காவலிலேயே இறந்தார். இவரும் தம் பங்குக்குச் சம்பாதித்தவர்தான். ஒரு வைரத்துக்கே இவர் பெயர் உண்டு.

அடுத்து தாமஸ் ரம்போல்டு. 1778-இல் வந்து இரண்டே வருஷத்தில் பணத்தோடு திரும்பினார். அவர் கிளம்பிய சில மாதங்களில் ஹைதர் அலி கர்நாடகத்துக்குள் இறங்கினார். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கருகே புள்ளலூரில் கம்பெனியின் ஒரு படையே அழிந்தது. டைரக்டர்கள் 1781-இல் ரம்போல்டை நீக்கினார்கள். பார்லிமெண்டில் அவர்மேல் வந்த மசோதா எந்த முடிவும் இல்லாமல் கைவிடப்பட்டது.

யேல், ரம்போல்டு, இன்னும் இரண்டொருவர் என்று பட்டியல் சுலபமாக வளர்ந்தது. அந்தச் சுலபம்தான் என்னை உறுத்தியது. நாங்கள் 1948-இன் அமெரிக்கப் பேராசிரியர்களாகிவிட்டோம். திருடனைத் திருடன் என்று சொல்லப் பெரிய சரித்திர ஞானம் வேண்டியதில்லை. கம்பெனியே தன் திருடர்களைக் குற்றம் சாட்டியது. அந்தக் குற்றப்பத்திரிகையைத்தான் நாங்கள் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தோம்.

இன்னொரு சிக்கல் நாங்கள் உட்கார்ந்திருந்த வண்டி. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லி. அந்த ரயில் இல்லாவிட்டால் குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் என்று நாம் குடியேறிய புறநகரே இப்படி இருந்திராது. அதே ஸ்டான்லியின் காலத்தில்தான் 1930-இல் வேதாரண்யத்தில் உப்பு அள்ளியவர்கள் சிறைக்குப் போனார்கள், 1932 ஜனவரியில் திருப்பூரில் குமரன் அடிபட்டுச் செத்தான். ரயிலுக்கு எத்தனை மார்க், தடியடிக்கு எத்தனை மார்க்? கூட்டிக் கழித்தால் ஒரு எண் வரும். அந்த எண்ணுக்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது.

என் பாட்டி கெட்ட காலம் எதையும் 'தாது வருஷம்' என்றுதான் சொல்வாள். அவள் அதைப் பார்த்தவள் அல்ல. அவளுடைய அம்மா செங்கல்பட்டுப் பக்கம் சிறுமியாக இருந்து பார்த்தது. சோற்றைச் சிந்தினால் 'தாதுவிலே பிறந்திருக்கணும் நீ' என்பாள். தாது வருஷம் 1876 சித்திரையில் பிறந்தது. மழை பொய்த்தது. அடுத்த ஈஸ்வர வருஷத்திலும் சாவு ஓயவில்லை. 1878 வரையான கணக்கில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்குக் குறையாது. பெரும்பகுதி சென்னை ராஜதானியில்.

அப்போது கவர்னர் பக்கிங்ஹாம் டியூக். அவர் திருடவில்லை. பஞ்சம் தலைகாட்டியதும், 1876 இறுதியில், அவருடைய அரசாங்கம் 30,000 டன் தானியம் வாங்கியது. வைஸ்ராய் லிட்டன் இதைக் கண்டித்தார். தானிய வியாபாரத்தில் அரசாங்கம் தலையிடக்கூடாது என்பது லிட்டனின் சித்தாந்தம். 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் விக்டோரியாவைச் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்து தர்பார் நடத்தினார். அதே மாதம் ரிச்சர்ட் டெம்பிளைச் சென்னைக்கு அனுப்பினார், செலவைக் குறைக்க.

இந்த டெம்பிள் மூன்று வருஷத்துக்கு முன் பீகார் பஞ்சத்தில் பர்மா அரிசியைத் தாராளமாகத் தருவித்து, சாவையே ஏறக்குறைய இல்லாமல் செய்தவர். அதற்காக ஊதாரி என்று ஏச்சு வாங்கினார். சென்னைக்கு வந்தபோது அந்தக் கெட்ட பெயரைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், மேலே ஓரணா என்று விதித்தார். ஒரு பவுண்டு என்பது நம் கணக்கில் சுமார் 450 கிராம். ஒருவனை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று நிரூபித்துக் காட்டிய அதே ஆள், இப்போது எத்தனை குறைவாகக் கொடுத்து வைத்திருக்கலாம் என்று பரிசோதித்தார். பக்கிங்ஹாம் அரசாங்கம் அந்த விதியை ஏற்று நடத்தியது.

இப்போது யாரை எங்கே வைப்பது? லிட்டனும் டெம்பிளும் சென்னைக் கவர்னர்களே அல்ல. பக்கிங்ஹாம் கவர்னர், ஆனால் முதலில் தானியம் வாங்கியவர். மேலிடம் சொன்னதால் குறைத்தார். பாவம், அவர் என்ன செய்வார் என்று நண்பர் கேட்டார்.

அந்தக் கேள்வியை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. நான் முப்பது வருஷம் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. ஒரு புயலுக்குப் பின் குடிசை இழந்தவர்களின் பட்டியல் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. தொகை முன்னாலேயே தீர்மானமாகிவிட்டது. பெயர்கள் அதற்குள் அடங்கவேண்டும். குறைக்கச் சொன்னார்கள், குறைத்தேன். 'முழுச் சேதம்' என்பதை 'பகுதிச் சேதம்' என்று திருத்தினால் போதும், ஒரு தெருவே நல்ல தொகையிலிருந்து வெளியே போய்விடும். எழுத்து அழகாக இருக்கிறது என்று அந்தப் பட்டியலைப் பாராட்டினார்கள். ஒரு கிழவி மூன்று நாள் வந்து, விழுந்த சுவரின் மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டுவந்து காட்டினாள். நான்காம் நாள் வரவில்லை. உத்தரவு என்னுடையது அல்ல என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அந்தச் சமாதானத்தைக் கெடுப்பவர் ஒருவர் தாது வருஷத்தில் இருக்கிறார். கார்னிஷ் என்ற டாக்டர், ராஜதானியின் சுகாதாரக் கமிஷனர். அவரும் சம்பளக்காரர்தான், அவருக்கும் மேலிடம் உண்டு. ஒரு பவுண்டு தானியத்தில் வேலை செய்கிற உடம்பு நிற்காது என்று அறிக்கைமேல் அறிக்கையாக எழுதினார். டெம்பிளின் எண்களுக்கு எதிராகத் தம் எண்களை வைத்தார். சென்னைப் பத்திரிகை ஆசிரியர் டிக்பி போன்றவர்களும் குரல் கொடுத்தார்கள். 1877-இல் கூலி உயர்ந்தது. அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள் என்பது உண்மை. ஆனால் எதிர்த்து எழுத முடியும், எழுதினால் ஒரு பிடி கூடுதலாகக் கிடைக்கும் என்பதும் உண்மை. கார்னிஷ் என்று ஒருவர் இல்லாதிருந்தால் பக்கிங்ஹாமை மன்னித்துவிடலாம். என்னையும்.

நம் ஜனங்கள் அந்தச் சாவுக்குக் கவர்னரின் பெயரை வைக்கவில்லை. வருஷத்தின் பெயரை வைத்தார்கள். வில்லியப்ப பிள்ளை 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' எழுதியபோது, பசித்து வந்தவர்களைச் சிவகங்கை ஜமீன்தாரிடம் கடிதம் கொடுத்து அனுப்புகிற நிலைக்கு மதுரைச் சொக்கநாதரையே கொண்டுவந்தார். கடவுளையே கேலி செய்யும் துணிச்சல் நம்மிடம் இருந்திருக்கிறது. உருவமாகக் கண்ணில் பட்ட கொடுமையையும் நாம் விட்டதில்லை. மவுண்ட் ரோட்டில் நின்ற நீல் சிலையை எதிர்த்து 1927-இல் சத்தியாக்கிரகம் நடந்தது, 1937-இல் ராஜாஜி மந்திரிசபை அதை அகற்றியது. டெம்பிளுக்கு இங்கே சிலை இல்லை. ஒரு பவுண்டு என்ற எண்ணை எந்தப் பீடத்திலிருந்து இறக்குவது?

பக்கிங்ஹாம் பெயர் மட்டும் இருக்கிறது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் கால்வாயைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். 1878-இல் முழுக் கால்வாய்க்கும் அவர் பெயரை வைத்தார்கள். இன்று பறக்கும் ரயிலின் தூண்கள் அந்தக் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. மயிலாப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும்போது மேலேயிருந்து அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பார்க்கிறேன். பசியோடு அதை வெட்டியவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

என் பட்டியலை நண்பரிடம் பிறகு சொன்னேன். முதலில் டெம்பிள், தெரிந்தே குறைத்ததற்காக. அடுத்து லிட்டன், குறைக்கச் சொன்னதற்காக. மூன்றாவது பக்கிங்ஹாம், சரியென்று பட்டதைத் தொடங்கிவிட்டுக் கைவிட்டதற்காக. யேலும் ரம்போல்டும் வெகுதூரம் பின்னால் வருகிறார்கள். கவர்னர்கள் பட்டியலில் கவர்னர் ஒருவர்தானே இருக்கிறார் என்று அவர் சிரித்தார். ஆமாம் என்றேன். நான்காவது இடத்தைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.